அரைப்புள்ளி

செக்காலை ரோட்டில் ஒரு மாடிப்படிக்கு அடியில்
இரண்டு கணினி, ஒரு ஜெராக்ஸ்.
பங்குனி பிறந்தால் பட்டியல்கள் வரும்.

முதலில் கோயில் பட்டியல்.
ஒன்பதில் எந்தக் கோயில் என்று சொல்லமாட்டேன்.
தலைப்பு: புள்ளி வரி.
தாலி ஏறிய அன்று ஒரு புள்ளி முளைக்கும்,
ஆணும் பெண்ணும் சேர்ந்து ஒன்று;
சிங்கப்பூரில் குடியிருந்தாலும்
இந்த நோட்டில் ஒரு வரி இடம்.

அதே வாரம் எங்கள் ஊர் மாரியம்மனுக்கு நோட்டீஸ்.
தலைக்கட்டுக்கு ஆயிரத்து ஐந்நூறு.
எந்தத் தலை, எதால் கட்டியது
என்று யாரும் கேட்டதில்லை.
நான் மூன்று வருடமாகப் பணம் கொடுத்தனுப்புகிறேன்,
ரசீது அண்ணன் பெயரில் வருகிறது.

பிறகு கேஸ் ஏஜென்சிப் பையன்.
ஒரே கதவிலக்கம், ஒரே நிலைவாசல்,
"உள்ள ஏழு அடுப்புக்கா" என்றான்.
ஏழு அண்ணன் தம்பிகளைத்தான் சொன்னான்.

கோலத்தில் கிடந்தது ஒன்று,
தலையில் சுற்றியது ஒன்று,
நெருப்பைச் சுமந்தது ஒன்று.
ஒன்றுக்கொன்று முகம் தெரியாத சொற்கள்
எந்தப் பந்தியில் சந்தித்து
ஒரே இலையில் உட்கார்ந்தன?

குடியைச் சொல்லவில்லை.
அது ஊர்ப் பெயரின் வாலிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது.
மதுவிலக்குக் கூட்டத்துக்கு முந்நூறு ஸ்டிக்கர் அடித்தோம்:
குடி குடியைக் கெடுக்கும்.
"ஒரே சொல் ரெண்டு தடவை வருது,
ஒண்ணை அழிச்சிரவா?" என்றான் புதுப் பையன்.
எதை என்று கேட்டேன்.
முதலாவது செல்வராசு.
இரண்டாவது நான்.

செயலாளர் போன் செய்தார்.
வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குப் புள்ளி புரியவில்லையாம்,
எல்லா இடத்திலும் குடும்பம் என்று மாற்றவேண்டுமாம்.
ஒரே சொடுக்கு. நானூற்றுப் பன்னிரண்டு இடம்.
தல வரலாற்றில் துள்ளிய புள்ளிமான்
குடும்பம்மான் ஆனது.
முப்பத்தோராம் பக்கத்தில்
தேனப்பன் (லேட்) மனைவி மெய்யம்மைக்கு எதிரே
அரைப்குடும்பம்.

மறுநாள் புரூஃப் பார்க்க அவளே வந்தாள்.
முப்பத்து நாலு வயது இருக்கும்,
கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு
கார் சாவியால் மேசையைத் தட்டிக்கொண்டே படித்தாள்.
நான் நாற்காலியின் கீழே எதையோ தேடினேன்.
அவள் சிரித்தாள்.
"அரைக் குடும்பம் சரி,
நடுவுல அந்த 'ப்' என்ன பாவம் பண்ணுச்சு?"
பிறகு,
"பழையபடியே போடுங்க.
புள்ளின்னா யாருக்கும் புரியாதுல்ல, அது நல்லது."

இலக்கணம் எனக்கு விரலால்தான் தெரியும்.
இடது ஆள்காட்டி விரலுக்கு அடியில்
சின்ன மேடு வைத்த விசை, அதுதான் புள்ளி.
உயிர் இல்லாத மெய்யின் உச்சியில் அதை வைப்போம்.
நோட்டுக் கணக்கிலோ
இரண்டு உயிர் இருந்தால்தான் முழுதாக விழும்.
மெய்யம்மை என்று திரும்ப அடித்தேன்.
இரட்டித்த எழுத்துக்கு நான் அழுத்த வேண்டியதில்லை,
கணினியே வைத்துவிடும்.
நோட்டில் அரை. பெயரில் இரண்டு.

"பள்ளிக்கூடத்துல அரைப்புள்ளின்னு ஒண்ணு சொல்லித் தந்தாங்களே,
மேல புள்ளி, கீழ வால்.
வாக்கியம் முடியாத இடத்துல வைக்கிறது.
அதை வையுங்க என் பேருக்கு நேரே."
பக்கவாட்டில் நின்று சொன்னாள்,
விளையாட்டா இல்லையா என்று முகம் தெரியவில்லை.

வலது சுண்டுவிரலை நீட்டி அழுத்தினேன்.
தமிழை அணைக்க மறந்திருந்தேன்.
அந்த விசையில் தமிழுக்கு
வேறொன்று குடியிருக்கிறது.
மெய்யம்மை
என்பதற்கு எதிரே விழுந்தது:
ந

அழிக்கப் போனேன்.
"இருங்க" என்றாள்.
ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.
அந்த ஓரெழுத்துக்குப் பக்கத்தில்
கோடு மட்டும் மினுங்கிக்கொண்டிருந்தது.

செயலாளர் கேட்டால்
அச்சுப்பிழை என்று சொல்லிக்கொள்ளலாம்.